கள்ளன் வெளிச்சத்தில், நாங்கள் இருட்டில்

இரவில் நாய் விடாமல் குரைத்தால் முல்லைத்தீவில் எங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் பலரும் விறாந்தை லைற்றைப் போட்டு, கதவைத் திறந்து, "ஆரது?" என்று கேட்பார்கள். வெளிச்சம் முழுக்க உங்கள் மேல். வேலியோரம் நிற்பவனுக்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பது வரை தெரியும். உங்களுக்கு முற்றத்தைத் தாண்டி ஒன்றும் தெரியாது. இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20, 30 நிமிடம் வேண்டும். அவன் கண் ஏற்கெனவே பழகியிருக்கும்.

ஆகவே வீட்டுக்குள் இருட்டு, வளவில் வெளிச்சம். கூரை விளிம்பின் மூலைகளில் எட்டடி உயரத்தில், வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சரித்து எல்.ஈ.டி. பல்ப் போடுங்கள். சுவிட்ச் படுக்கிற அறைக்குள் இருக்கட்டும். படலையை விடக் கிணற்றடியும் குசினிப் பின்புறமும் முக்கியம். தண்ணி மோட்டரும் கோழிக்கூடும் அங்கேதானே. மஞ்சள் பல்ப் என்றால் பூச்சி குறைவாக வரும்.

மாமிக்கு விடிய விடிய லைற் எரிந்தால்தான் நித்திரை வரும். எனக்குக் கரண்ட் பில்லை நினைத்தால் வராது. சென்சர் லைற் இருவருக்கும் சரிவந்தது. அது உடம்புச் சூடு அசைவதைப் பிடிக்கிற சாமான். குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும், நேரே அதை நோக்கி வருபவரைச் சற்றுப் பிந்தித்தான் பிடிக்கும். அதனால் ஆள் வரும் பாதை அதற்குக் குறுக்காக அமையும்படி பூட்டுங்கள். நாய்க்கும் ஆட்டுக்கும் எரிந்துகொண்டே இருந்தால் சென்சர் கண்ணின் கீழ்ப்பாதியில் கறுப்பு ரேப் ஒட்டினால் போதும்.

கரண்ட் போகும் இரவுகளுக்கு ஒரு சோலார் லைற். தட்டு தெற்குப் பார்த்துச் சரிந்திருக்க வேண்டும், மாமர நிழலில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது அரைகுறையாகத்தான் சார்ஜ் ஏறும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

பன்றிக்கு இழுப்பதுபோல வேலியில் கரண்ட் கம்பி இழுக்கிற யோசனை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து விடுங்கள். முதலில் சாவது பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும். சட்டப்படியும் குற்றம்.

சத்தம் கேட்டால் வெளியே இறங்காதீர்கள். வெளி லைற்றைப் போட்டு, இருட்டு அறையின் யன்னல் ஓரத்தில் ஒதுங்கி நின்று பாருங்கள். ஆள் தெரிந்தால் ரோச்சை முகத்துக்கு அடித்துச் சத்தம் போடுங்கள், அயலட்டைக்கும் பொலிசின் 119க்கும் போன் பண்ணுங்கள். எங்கள் வெளி லைற் அணைந்து அணைந்து எரிந்தால் ஓடி வரவேண்டும் என்று முன்வீட்டு அண்ணையுடன் பேசி வைத்திருக்கிறோம்.

எல்லாம் பூட்டி முடிந்த இரவில் ஒருவரை வளவுக்குள் நடக்கவிட்டு யன்னலால் பாருங்கள். அவர் எங்கே மறைகிறாரோ, அந்தப் பக்கம் பல்பைத் திருப்புங்கள், இல்லையென்றால் அங்குள்ள பற்றையை வெட்டுங்கள்.