நடுவரிசைக் காரின் ஒரு பருவத்தை எடைபோடுவது எப்படி: 2023 மெக்லாரனை முன்வைத்து

ஒரு பந்தயக் கார் பருவம் முழுவதும் எப்படி வளர்ந்தது என்பதை அறிய விரும்புபவர் புள்ளிப் பட்டியலின் கடைசி எண்ணிலிருந்து தொடங்கக் கூடாது. பார்முலா ஒன் போட்டியில் மெக்லாரன் அணி 2023இல் 302 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றது. அதை 22 பந்தயங்களுக்கு வகுத்தால் பந்தயத்துக்குச் சுமார் 14 புள்ளி வரும். ஆனால் அந்தச் சராசரிக்கு ஓடிய கார் அந்த ஆண்டில் எப்போதும் இருந்ததில்லை. முதல் எட்டுப் பந்தயங்களில் கிடைத்தவை 17 புள்ளிகள் மட்டுமே; மீதி 285 புள்ளிகளும் ஆஸ்திரியாவிலிருந்து அபுதாபி வரையான 14 பந்தய வாரங்களில் வந்தவை.

ஆகவே முதல் வேலை, பருவத்தைத் துண்டுகளாகப் பிரிப்பது. எங்கே வெட்டுவது என்பதைப் பந்தய முடிவுகளை வைத்துத் தீர்மானிக்காமல், புதிய பாகங்கள் வந்த நாட்களை வைத்துத் தீர்மானியுங்கள். ஒவ்வொரு பந்தய வார இறுதியிலும் அணிகள் தாங்கள் பொருத்திய புதிய பாகங்களையும் அவற்றின் நோக்கத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது 2022 முதல் நடைமுறை. சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு (FIA) அந்த ஆவணத்தை வெளியிடுகிறது. 2023 மெக்லாரனையே பாருங்கள்: அறிமுகத்தின்போதே அணித் தலைவர் ஆண்ட்ரியா ஸ்டெல்லா காரில் தமக்கு முழுத் திருப்தி இல்லை என்று கூறியிருந்தார். பாகுவில் புதிய அடித்தளம் வந்தது. ஆஸ்திரியாவிலும் சில்வர்ஸ்டோனிலும் பெரிய மாற்றம் வந்தது. சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் அடுத்தது. 2022 விதிகளின்படி அமைந்த கார்கள் தரையோடு ஒட்டி நிற்கும் விசையின் பெரும்பகுதியை அடித்தளத்தின் கீழ் விரையும் காற்றிலிருந்தே பெற்றன என்பதால், அந்த ஆவணத்தில் அடித்தளமும் பக்கவாட்டுக் கூடும் சேர்ந்து மாறியிருந்தால் அங்கே கோடு போட்டுவிடலாம். சிறு இறக்கைத் துண்டுகளுக்காகக் கோடு போட வேண்டியதில்லை.

அடுத்து, காரின் வேகத்தோடு தொடர்பில்லாதவற்றை நீக்குங்கள். பஹ்ரைனில் மெக்லாரன் ஓட்டுநர் லாண்டோ நோரிஸ் ஆறு முறை பிட் எனப்படும் பணி நிறுத்தத்துக்குள் வர நேர்ந்தது இன்ஜினின் காற்றழுத்தக் கசிவால். அதை வேகக் குறைவாகக் கணக்கிடுவது தவறு. மறுபுறம், முதல் 17 புள்ளிகளில் 12 மெல்போர்னில் கிடைத்தவை. பலர் விலகிப்போன அந்தக் குழப்பமான பந்தயத்தை முன்னேற்றத்துக்குச் சான்றாகக் கொள்வதும் அதே அளவு தவறு.

வேகத்தை அளக்க, பந்தயத்தின் தொடக்க வரிசையை முடிவுசெய்யும் தகுதிச்சுற்றே சிறந்தது. முதலிடத்துக்கும் நீங்கள் கவனிக்கும் காருக்கும் உள்ள இடைவெளியை நொடியில் குறிக்காமல், முதலிட நேரத்தின் சதவீதமாக மாற்றிக் குறியுங்கள். ஆஸ்திரியாவில் முதலிடம் பிடித்த ரெட் புல் ஓட்டுநர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனின் நேரம் 1 நிமிடம் 4.391 நொடி, நோரிஸ் 0.267 நொடி பின்தங்கினார். அடுத்த வாரம் சில்வர்ஸ்டோனில் 1 நிமிடம் 26.720 நொடிக்கு 0.241 நொடி பின்தங்கினார். நொடியில் பார்த்தால் ஏறக்குறைய மாற்றமே இல்லை. சதவீதத்திலோ முன்னது 0.41, பின்னது 0.28, ஓடுதளம் நீளமானது என்பதால் மறைந்துகிடந்த முன்னேற்றம் அது.

ஒரே அணியின் இரண்டு கார்களில் ஒன்றுக்கு மட்டும் புதிய பாகங்கள் கிடைக்கும் வாரம்தான் ஆராய்பவருக்குப் பொன்னான வாய்ப்பு. ஆஸ்திரியாவில் புதிய தொகுப்புடன் நோரிஸ் தகுதிச்சுற்றில் நான்காவதாக வந்தார். பழைய காரில் அணியின் இன்னொரு ஓட்டுநர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி 13ஆவது. இருவரின் திறன் வேறுபாடு மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்பதைச் சில்வர்ஸ்டோன் காட்டியது: அங்கே பியாஸ்ட்ரிக்கும் புதிய பாகங்கள் கிடைத்ததும் அவர் தகுதிச்சுற்றில் மூன்றாவதாகவும் பந்தயத்தில் நான்காவதாகவும் வந்தார். ஆனால் இந்த முறையைக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்தாதீர்கள். சிங்கப்பூரிலும் நோரிஸுக்கு மட்டுமே புதிய தொகுப்பு. தகுதிச்சுற்றில் அவர் 4ஆவது, பியாஸ்ட்ரி 17ஆவது. அந்த இடைவெளிக்குள் வேறோர் அணியின் ஓட்டுநர் லான்ஸ் ஸ்ட்ரோலின் விபத்தும் இருக்கிறது. தகுதிச்சுற்றின் முதல் பகுதியின் கடைசி நேரத்தில் நடந்த அவ்விபத்தால் பியாஸ்ட்ரியின் சுற்று வீணானது. எண் பெரிதாக இருக்கும்போதுதான் அதை அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

இறுதியாக, ஒவ்வொரு பந்தயத்தின் பக்கத்திலும் ஓடுதளத்தின் வகையை எழுதி வையுங்கள்: அதிவேக வளைவுகள், மெதுவான வளைவுகள், நீண்ட நேர்பாதைகள். சில்வர்ஸ்டோன், ஜப்பானின் சுசூகா, கத்தார் ஆகிய மூன்றிலும் மெக்லாரன் மின்னியது; மூன்றும் வேகமான வளைவுகள் நிறைந்தவை. சுசூகாவில் இரு கார்களும் மேடையேறின. கத்தாரில் பியாஸ்ட்ரி ஸ்பிரிண்ட் எனப்படும் குறும்பந்தயத்தை வென்றார். நேர்பாதைகள் மிகுந்த மான்சாவிலோ நோரிஸுக்கு எட்டாம் இடமே கிட்டியது. பிடிமானம் குறைந்த, நீண்ட நேர்பாதையும் மெதுவான வளைவுகளும் கொண்ட லாஸ் வேகஸில் இரண்டு கார்களும் தகுதிச்சுற்றின் முதல் பகுதியிலேயே வெளியேறின. புதிய பாகங்கள் காரின் வலிமையைக் கூட்டினவே தவிர அதன் பலவீனத்தைப் போக்கவில்லை என்பதை இந்த ஓடுதளக் குறிப்பு ஒன்றே சொல்லிவிடும். அடுத்த ஆண்டின் அறிமுகக் காரில் முதலில் தேட வேண்டியதும் அந்தப் பலவீனத்துக்கான விடையைத்தான்.