சோலார் பேனல்மேல் உலர்பனியை வைக்காதீர்கள்

அக்கா மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். சோலார் பேனலைக் குளிர வைத்தால் மின்சாரம் கூடும் என்று பள்ளியில் செய்து காட்டப் போகிறானாம். யோசனை சரிதான். ஆனால் ஐஸ்கிரீம் கேக்கோடு வந்த உலர்பனி (டிரை ஐஸ்) துண்டைத் தூக்கி, உள்ளங்கை அகலப் பேனலின் கண்ணாடிமேலேயே வைத்துவிட்டான். டிக் என்று ஒரு சத்தம், ஓரத்திலிருந்து நடுவரை விரிசல். சூடான கண்ணாடியில் ஒரு மூலைக்கு மட்டும் மைனஸ் 78.5 டிகிரி குளிர் பட்டால் வேறென்ன ஆகும்?

வெயில் கொளுத்தினால் பேனல் கூடுதலாக உழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வேண்டியது ஒளி, சூடு அல்ல. பேனலில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, உள்ளே மின்சாரம் தயாரிக்கும் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் புளோக் கூரையில் மத்தியானம் அது 60 டிகிரியைத் தொட்டுவிடும். சிலிக்கான் செல் கூடும் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் மின்சாரத்தை இழக்கும், அதாவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. சிங்கப்பூரின் தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல் மிதக்கும் பேனல்களுக்குக் கீழே தண்ணீர் இருப்பது இந்த வகையிலும் நல்லதுதான்.

உலர்பனிக்கு வருவோம். பெயரில்தான் பனி, உண்மையில் அது உறைந்த கரியமில வாயு. 1835-இலேயே பிரான்சில் தீலோரியே என்பவர் இதைப் பார்த்துவிட்டார், வியாபாரமானது 1920-களில் அமெரிக்காவில். அழுத்தத்தில் இருக்கும் திரவ வாயுவைத் திறந்துவிட்டால் ஒரு பகுதி ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்ளும், மிச்சம் தூள் பனியாக உதிரும், அதை அழுத்திக் கட்டியாக்குவார்கள். இது உருகாது, நேராக வாயுவாகும். ஒரு கிலோவுக்கு 500 லிட்டருக்கு மேல். அதனால் மூடி இறுக்கிய பாட்டிலிலோ, தண்ணீர்க் குடுவையிலோ போட்டால் வெடிக்கும். கொஞ்சம் திறந்த ஸ்டைரோஃபோம் பெட்டி போதும்.

இன்னொன்று, இதைத்தான் நான் அவனிடம் கத்திச் சொன்னேன்: கதவு, ஜன்னலைச் சாத்தி ஏர்கான் ஓடும் அறையில் செய்யாதே! நம் வீடுகளில் உள்ள ஏர்கான் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. கரியமில வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும், தலைவலி, மூச்சுத்திணறல் வரும். தெரியும் வெள்ளைப் புகை வாயு அல்ல, காற்றிலிருக்கும் ஈரம். புகை அடங்கியது என்பதால் ஆபத்து போய்விடவில்லை. அப்புறம் சிங்கில் கொட்டாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள்.

திட்டத்தில் பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகை சோலார் செல் பொருள் பற்றியும் ஒரு பக்கம் எழுதியிருந்தான், சிலிக்கானின் காலம் முடிந்தது என்கிற மாதிரி. 2009-இல் ஒளியில் 3.8 சதவீதத்தை மட்டும் மின்சாரமாக்கித் தொடங்கிய பொருள் இன்று 25-ஐத் தாண்டியது பெரிய விஷயம்தான். ஆனால் அவை ஆய்வகத்தின் குட்டிச் செல்கள், ஈரமும் சூடும் அவற்றுக்கு ஆகாது. நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமா?

மறுநாள் புதுப் பேனல் வாங்கி, பின்பக்கம் மட்டும் ஈரத்துணி வைத்து, வெளி நடைபாதையில் செய்தோம். "மாமா, ஒன்னும் கூடலயே" என்றான். பார்த்தால் மீட்டரை ஆம்பியரில் வைத்திருக்கிறான். குளிர்ந்தால் கூடுவது வோல்ட், செல்லுக்கு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட். ஆம்பியர் கூடாது, துளி குறையும். குமிழைத் திருப்பினான். 5.9 மெல்ல 6.2 ஆனது.