சம்பளக்காரர்கள் ‘கிட் ஏ’ கேட்பது எப்படி

ரேடியோஹெட் என்ற ஆங்கில ராக் பேண்டின் ‘கிட் ஏ’ ஆல்பம் 2000 அக்டோபரில் வெளிவந்தபோது, நிக் ஹார்ன்பி என்ற ஆங்கில நாவலாசிரியர் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். சாரம் இதுதான்: இந்த மாதிரி ஆல்பத்தை இரவிரவாக உட்கார்ந்து கேட்க வேண்டும், அதற்கான பொறுமை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இருக்கும், சம்பளம் வாங்க ஆரம்பித்தவர்களுக்கு எங்கே இருக்கும்? ரேடியோஹெட் ரசிகர்களிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் சுளிப்பார்கள். எனக்கென்னவோ அவர் சொன்னதில் பாதி சரி என்றே படுகிறது. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். மார்ச் கடைசியில் என் காதில் எந்தப் பாட்டும் ஏறாது. எனவே இந்த வழிமுறை என்னைப் போல வேலைக்குப் போய் வருபவர்களுக்கு. இரவிரவாக யாரும் உட்கார வேண்டாம்.

முதல் வேலை, பாட்டுகளின் வரிசையைக் குலுக்கிப் போடும் ஷஃபிளைப் போனில் அணைப்பது. ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததைக் கலந்துவிடும் வசதி சில செயலிகளில் இருக்கும், அதையும் பூஜ்யத்தில் வையுங்கள். இந்த ஆல்பத்தில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே உள்ள ஒட்டும் இடைவெளியும் யோசித்து வைக்கப்பட்டவை. செயலி தன் இஷ்டத்துக்கு அதில் கை வைக்கக் கூடாது. அப்புறம் ஹெட்போன். விலை கூடியது தேவையில்லை, ஆனால் போனின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். மூன்றாம் பாட்டின் பேஸ் கிட்டார், அதாவது தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் கிட்டார், அதில் காணாமலே போய்விடும்.

சரி, எங்கே தொடங்குவது? முதல் பாட்டில் இல்லை. அங்கே தொடங்கியவர்கள் பலர் இரண்டாவதிலேயே இறங்கிவிடுவார்கள். சித்தி மகன் ஒருவன் அப்படித்தான் கேட்டுவிட்டு, “அண்ணா, இது ராக் பேண்டுன்னு சொன்னீங்க, கிட்டாரே காணோமே?” என்றான். நியாயமான கேள்வி. 1997இல் வந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்துக்குப் பிறகு, கிட்டார் ராக்கைக் காப்பாற்றப் போகிறவர்கள் என்று இவர்களைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பாடகர் தாம் யார்க்குக்கோ கிட்டாரைத் தொட்டாலே சலிப்பு வரும் நிலை. பாட்டு எழுத வரவில்லை. ஏபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் போன்றவர்களின் எலக்ட்ரானிக் இசையையே கேட்டுக்கொண்டிருந்தார். 1999 தொடக்கத்தில் பாரிஸில் ‘கிட் ஏ’வின் பதிவு ஆரம்பித்து, கோபன்ஹேகன், இங்கிலாந்தின் கிளஸ்டர்ஷயர் என்று அலைந்து, கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் சொந்த ஸ்டுடியோவில் வந்து முடிந்தது. நடுவில், வெளியிடத் தகுந்த ஆல்பம் தேறவில்லை என்றால் பேண்டையே கலைத்துவிடலாம் என்று பேசி வைத்திருந்தார்களாம்.

எனவே ஆறாவது பாட்டில் தொடங்குங்கள்: ‘ஆப்டிமிஸ்டிக்’. கிட்டார், டிரம்ஸ், பாடுபவர் எல்லாம் அவரவர் இடத்தில் இருப்பார்கள். பாட்டு முடியப் போகிற நேரத்தில் டிரம்ஸின் நடை மாறி, ஜாஸ் மாதிரி ஒரு சின்ன வாசிப்பு வரும். அது அப்படியே வழுக்கி ‘இன் லிம்போ’வில் கொண்டுபோய் விடும். முதல் நாளுக்கு இந்த இரண்டும் போதும்.

அடுத்த நாள் மூன்றாவது பாட்டு, ‘த நேஷனல் ஆன்தம்’. ஒரே ஒரு பேஸ் வரி, தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும். யார்க் பள்ளி வயதில் போட்டது அது, பதிவிலும் அவரே வாசித்தார். அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதிக்கு மேல் பித்தளைக் குழல்கள் வரிசையாக உள்ளே வந்து ஒன்றையொன்று முட்டித் தள்ளும். சார்லஸ் மிங்கஸின் ஜாஸ் இசையை மனதில் வைத்துச் செய்தது. போக்குவரத்து நெரிசல் மாதிரி வாசியுங்கள் என்று வாசிப்பவர்களிடம் சொன்னார்களாம். முதல் தடவை இரைச்சலாகத்தான் இருக்கும். இரண்டாம் தடவை ஒரு சாக்ஸஃபோனை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள். பேஸ் வரி அசையாமல் நிற்பதால்தான் மற்ற எல்லாம் அப்படி ஆடுகின்றன என்பது பிடிபடும்.

எட்டாவதான ‘இடியோடெக்’தான் என் பார்வையில் ஆல்பத்தின் உயிர். பேண்டின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட் ஒரு நாள் டிரம் மெஷினையும் சில மின்னணுக் கருவிகளையும் வைத்து 50 நிமிடம் வாசித்துத் தள்ளினார். யார்க் அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதன் மேல் பாட்டைக் கட்டினார். பின்னால் சுற்றிச் சுற்றி வரும் நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள்) இவர்களுடையவை அல்ல. அமெரிக்க இசையமைப்பாளர் பால் லான்ஸ்கி, 1973இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், ஐபிஎம்மின் ராட்சதக் கணினி ஒன்றில் உருவாக்கிய படைப்பிலிருந்து எடுத்தவை. அனுமதி கேட்டு வாங்கி, அவர் பெயரையும் போட்டிருக்கிறார்கள். தாளம் வெறும் எலும்பு, மேலே அந்தக் கார்டுகள் மட்டும் சதை. யார்க் மூச்சு முட்டுவது போலப் பாடுவார். இந்தப் பதிவு ஒட்டவில்லை என்றால், 2001இல் வந்த ‘ஐ மைட் பி ராங்’ என்ற நேரடிக் கச்சேரித் தொகுப்பில் இதே பாட்டைக் கேட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். கூட்டத்தின் நடுவே கேட்கும்போது இது ஆட வைக்கிற பாட்டு என்பது சட்டென்று தெரிந்துவிடும்.

‘இடியோடெக்’ முடிந்ததும் நிறுத்தாதீர்கள். இடைவெளியே இல்லாமல் ‘மார்னிங் பெல்’ தொடங்கும். ஐந்து எண்ணிக்கைத் தாளம், தகதகிட என்று விரலால் போட்டுப் பார்த்தால் சரியாக உட்காரும்.

இப்போது முதல் பாட்டுக்குத் தைரியமாகப் போகலாம். ‘எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்’, கிட்டார் இல்லாமல் ப்ராஃபெட்-5 என்ற சிந்தசைசரின், அதாவது மின்னணு கீபோர்டின், கார்டுகளோடு தொடங்கும். பத்து எண்ணிக்கையில் சுற்றும். யார்க்கின் குரலை நறுக்கி, திருப்பிப் போட்டு, பின்னணியில் தூவியிருப்பார்கள். வரிகளுக்கு அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஆல்பத்தின் சில வரிகளை யார்க் சீட்டு சீட்டாக எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுத்தார்.

விடுமுறை நாள் ஒன்றில் முழு ஆல்பத்தையும் வரிசையாக ஓட விடுங்கள், 50 நிமிடம்தான். ‘ட்ரீஃபிங்கர்ஸ்’ வரும்போது எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வரலாம், குற்றமில்லை. ஆனால் அதற்கு முந்தைய ‘ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி’யில் தந்தி வாத்தியங்கள் மெல்ல ஏறிக் கடைசியில் கலைந்து விழுவதைத் தவறவிடாதீர்கள். அவற்றை டார்செஸ்டர் என்ற ஊரின் பழைய தேவாலயத்தில் பதிவு செய்தார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் பல நொடிகளுக்கு ஒன்றுமே கேட்காது. போன் நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை வைக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் விமர்சனங்களைப் படிக்க வேண்டும். படிக்கும்போது தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது விமர்சகர்களுக்கு முன்பிரதிகள் அதிகம் தரப்படவில்லை. பலர் ஆல்பத்தை வெளியிடும் நிறுவனம் ஏற்பாடு செய்த இடத்தில் கேட்டுவிட்டு எழுதினார்கள். பத்து பாட்டும் பழகுவதற்குள் தீர்ப்பு எழுத வேண்டிய நிலை. ‘மெலடி மேக்கர்’ வார இதழில் மார்க் பியூமான்ட் ஐந்துக்கு ஒன்றரை போட்டு, அச்சில் ஏற்ற முடியாத வசை ஒன்றையும் சேர்த்தார். (அந்த இதழே அந்த டிசம்பரோடு நின்றுபோனது. இரண்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.) எதிர்ப்பக்கம், ‘பிட்ச்ஃபோர்க்’ தளம் பத்துக்குப் பத்து கொடுத்தது. இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் நடந்த கச்சேரி, வானத்தில் எரிநட்சத்திரம் என்று போகிற அந்த விமர்சனத்தைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். மதிப்பெண் சரி, எழுத்துதான் ஓவர்.

பொதுமக்கள் இவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. தனிப் பாட்டாக எதுவும் கடைக்கு வரவில்லை, வழக்கமான வீடியோவும் எடுக்கவில்லை. சில நொடி ஓடும் அனிமேஷன் துணுக்குகள் மட்டும்தான். போதாக்குறைக்கு ஆல்பம் வெளிவருமுன்பே, இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டரில் கசிந்துவிட்டது. அப்படியும் அமெரிக்காவில் முதல் வாரம் 2,07,000 பிரதிகளுக்கு மேல் விற்று முதலிடம் பிடித்தது. அந்த நாட்டில் அவர்களுக்கு அதுதான் முதல் முதலிடம். 2001இல் சிறந்த மாற்று இசை ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியோ ஸ்டீலி டான் என்ற வேறொரு பேண்டிடம் போனது. 2009இல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை, ‘பிட்ச்ஃபோர்க்’ இரண்டுமே பத்தாண்டின் தலைசிறந்த ஆல்பம் என்று இதைத்தான் சொன்னார்கள்.

பிடித்துப்போனால் அடுத்து 2001இன் ‘அம்னீசியாக்’. அதே பதிவு நாட்களில் பிறந்த பாட்டுகள், ‘மார்னிங் பெல்’லின் வேறொரு வடிவமும் அதில் உண்டு. 2021இல் இரண்டையும் சேர்த்து ‘கிட் ஏ ம்னீசியா’ என்று வெளியிட்டார்கள், ஒரே இடத்தில் கேட்க அது வசதி. ஒட்டவே இல்லை என்றால் 1995இன் ‘த பெண்ட்ஸ்’ பக்கம் போங்கள். சித்தி மகன் தேடிய கிட்டார் அங்கே வேண்டிய மட்டும் இருக்கிறது.