உயரத்தில் ஓடும் குழந்தைகள்: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலை ஏறினால் காற்றில் ஆக்சிஜன் விகிதம் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கடற்கரையிலும் சிகரத்திலும் அது ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதியாகிவிடுகிறது. இந்தக் குறை அப்பாவுக்கும் எட்டு வயது மகளுக்கும் ஒன்றுதான். அதை இரண்டு உடம்புகளும் சமாளிக்கும் விதம்தான் வேறு. மகளை அப்பாவின் அளவுகோலால் அளப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

மூச்சையே எடுத்துக்கொள்வோம். தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கழுத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூச்சை வேகப்படுத்தச் சொல்லி மூளைக்குச் செய்தி அனுப்புவது அதுதான். பருவமடையாத குழந்தைகளிடம் இந்த எதிர்வினை பெரியவர்களைவிட வலுவானது. போதாததற்கு, சமவெளியில்கூட அதே அளவு கரியமில வாயுவை வெளியேற்றக் குழந்தை கூடுதலாகக் காற்றை இழுத்துவிட வேண்டியிருக்கிறது. ஆகவே மேட்டில் ஓடும் பிள்ளைக்கு மேல்மூச்சு வாங்கினால், அதை மட்டும் வைத்து ‘இவளுக்குத் தெம்பு போதாது’ என்று முடிவுகட்டாதீர்கள். உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகும் இரைப்பு அடங்கவில்லை, இருமல் வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் நிலைமையே வேறு. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கலாம். உடனே கீழே இறக்கி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ‘சின்னப் பிள்ளைதானே, சீக்கிரம் பழகிடும்.’ 1,500 மீட்டருக்கு மேலே ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உடம்பின் அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாடு ஏறத்தாழ 1 சதவீதம் குறையும் என்பது பெரியவர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. குழந்தைகளுக்கு இதிலிருந்து தனிச் சலுகை எதுவும் இல்லை. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரில் 1968 ஒலிம்பிக்கின் 10,000 மீட்டர் ஓட்டத்தை வென்றவருக்கு 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. அன்றைய உலக சாதனையோ 28 நிமிடத்துக்கும் குறைவு. அந்தச் சாதனையை வைத்திருந்த ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரருக்கே அந்த நிலை என்றால், சமவெளி வேகத்தை அங்கே ஒரு பிள்ளையிடம் எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

ஆக்சிஜன் இல்லாமல் ஆற்றல் உண்டாக்கும் திறன் குழந்தைகளின் தசைகளுக்குக் குறைவு. அதனால் ‘இன்னும் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ’ என்று இழுக்கக் கூடாது. ஆனால் குட்டி ஓட்டங்களிலிருந்து அவர்கள் வேகமாக மீண்டுவிடுவார்கள். ஓடவும் நிற்கவும் அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுவதே நல்லது. அதிகபட்ச இதயத்துடிப்பைக் கண்டுபிடிக்க 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு குழந்தைகளுக்குச் சமவெளியிலேயே பொருந்தாது, மலையில் சொல்லவே வேண்டாம். அப்புறம், ‘உயரப் பயிற்சி’ என்று விற்கும் முகமூடிகள்: அவை மூச்சிழுப்பதைக் கடினமாக்குகின்றன, அவ்வளவுதான். காற்றழுத்தத்தை அவை குறைப்பதில்லை. குழந்தைக்கு அதை மாட்டுவதில் எந்தப் பயனும் இல்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது முதல் நாள்தான். போய்ச் சேர்ந்ததும் உற்சாகத்தில் பிள்ளைகள் ஓடியாடுவார்கள், நாமும் மகிழ்ந்து விட்டுவிடுவோம். முதல் நாளில் கடுமையாக உடம்பை வருத்துவது, உயரத்துக்கு உடம்பு பழகாததால் வரும் உயரநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும். நல்ல உடற்தகுதி அதிலிருந்து காப்பாற்றாது. உயரநோய் குழந்தைகளுக்கும் பெரியவர்களைப் போலவே வரும், அவர்களுக்கு அதைச் சொல்லத்தான் தெரியாது. நாம் தலைவலி என்போம். இரண்டு வயதுக் குழந்தை காரணமில்லாமல் சிணுங்கும், சாப்பிட மறுக்கும், வாந்தி எடுக்கும், தூங்காது. இதைப் பயணக் களைப்பு என்று ஒதுக்குவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. வேறு காரணம் தெரியும்வரை உயரநோய் என்றே எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் ஏறாமல் நில்லுங்கள். சமீபத்தில் சளி, காய்ச்சல் வந்த குழந்தைக்கு நுரையீரலில் நீர் கோக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், பயணத்தைத் தள்ளிப்போடத் தயங்க வேண்டாம். 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்குங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். குளிர்ந்த குட்டி விரலில் அது தவறாகக் காட்டும். பிள்ளை நடக்கும் வயதென்றால், ஒரு நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். எப்போதும் நன்றாக நடக்கும் பிள்ளை தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். நள்ளிரவானாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காமல் கீழே இறங்குங்கள்.