ஐரிஸ் கலப்பு: காய் பிடிக்கவும் விதை முளைக்கவும் நான் செய்தது

எனக்கு மிகவும் பிடித்த நடுத்தர உயரத் தாடி ஐரிஸ் (கீழிதழ்களில் தாடி போல மயிரிழைகள் உள்ள பூச்செடி) ஒன்று, எந்த மகரந்தத்தை வைத்தாலும் காயை உதிர்த்துக்கொண்டே இருந்தது. குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. உயரமான தாடி ஐரிஸுக்கு 48, குட்டையான பூமிலா இனத்துக்கு 32. ஒவ்வொரு பெற்றோரும் பாதியைத் தருவதால், இரண்டும் கலந்தால் 40. அமெரிக்காவில் பால் குக் என்ற ஐரிஸ் வளர்ப்பாளர் இப்படித்தான் குள்ள ஐரிஸ்களை உருவாக்கினார். அந்த 40 தனக்குள் நன்றாக விதை கட்டும். என் செடியோ 48-ம் 40-ம் சேர்ந்து பிறந்த 44. அதில் எல்லா குரோமோசோம்களுக்கும் சரியான ஜோடி அமைவதில்லை, அதனால் பெரும்பாலும் மலடு. சரி, அது அழகுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, குள்ள வகைகளை ஒன்றோடொன்று சேர்த்தேன். காய்கள் திரண்டன, எனக்குத் தாங்காத சந்தோஷம்!

அப்புறம் முளைப்பு. ஐரிஸ் விதையிலேயே முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. இரண்டு வாரம் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றினேன். பிறகு ஈர மணலில் கலந்து மூன்று மாதம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்து விதைத்ததும் பாதிக்கு மேல் முளைத்தன. மீதியை எறிந்துவிடாதீர்கள், அடுத்த வருடமும் முளை வரும்.