டர்பனா, டிரான்ஸ்வாலா? பழைய போட்டியைப் பட்டிமன்றமாக நடத்தும் முறை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் சொந்தமும் ஜோகன்னஸ்பர்க் சொந்தமும் ஒரே கல்யாணப் பந்தியில் அமர்ந்தால், யார் வீட்டுக் குழம்பில் காரம் சரி, யார் ஊர்க் காவடியில் முறை பிசகவில்லை, தமிழை முதலில் கைவிட்டவர் யார் என்ற பேச்சு எழாமல் இருப்பதில்லை. ஜோகன்னஸ்பர்க் அடங்கிய பழைய டிரான்ஸ்வால் மாநிலத்திலிருந்து கடற்கரைக்கு விடுமுறைக்கு வருபவர்களை டர்பன்காரர்கள் 'வாலி' என்பார்கள்; டர்பன்காரர்களுக்கு எதிலும் அவசரமே கிடையாது என்று அவர்கள் பதிலுக்குச் சொல்வார்கள். இந்தப் பேச்சை அடக்க வேண்டியதில்லை. ஒரு மேடையும் ஒரு நடுவரும் சரியான தலைப்பும் கொடுத்துவிட்டால், நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்காத வரலாற்றை ஒரே மாலையில் கேட்டுவிடுவார்கள். கோயில் மன்றமோ தமிழ்ச் சங்கமோ இதை எப்படி நடத்தலாம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதல் வேலை தலைப்பு. 'எந்த ஊர் சிறந்தது' என்று வைத்தால் கடல், தங்கம், சம்பளம், போக்குவரத்து நெரிசல் என்று பேச்சு சிதறி, ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பும் டர்பன் உணவான பன்னி சௌவில் வந்து முடிந்துவிடும். சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், யாரும் எதையும் நிறுவ மாட்டார்கள். ஆகவே, 'தமிழ் வழிபாட்டையும் தமிழர் மானத்தையும் காத்ததில் பெரும்பங்கு நேட்டால் கரைக்கா, டிரான்ஸ்வால் மேட்டு நிலத்துக்கா?' என்பதுபோல், சான்று காட்டிப் பேசக்கூடிய தலைப்பாக அமையுங்கள். டர்பன் இருந்த மாநிலம் நேட்டால், ஜோகன்னஸ்பர்க் இருந்தது டிரான்ஸ்வால்; இந்தப் பழைய பெயர்களைப் பயன்படுத்துவதற்கும் காரணம் உண்டு. 1994-க்குப் பின் உருவான, இன்று ஜோகன்னஸ்பர்க் உள்ள கௌட்டெங் மாநிலம், டர்பன் உள்ள குவாசூலு-நேட்டாலை எங்குமே தொடுவதில்லை. ஆனால் நேட்டாலும் டிரான்ஸ்வாலும் எல்லையைப் பகிர்ந்த அண்டை மாநிலங்கள், அந்த எல்லைக்கோட்டில்தான் நம் கதையின் பாதி நடந்திருக்கிறது.

இரு அணிக்கும் மூன்று மூன்று பேர் போதும். பேச்சாளர்களைத் தேர்ந்த உடனேயே சான்று திரட்டும் வேலையைப் பிரித்துக் கொடுங்கள், ஏனெனில் பட்டிமன்றத்தின் தரம் இங்கேதான் முடிவாகிறது.

டர்பன் அணி 1860 நவம்பர் 16-இலிருந்து தொடங்கலாம். சென்னையிலிருந்து 342 பேருடன் வந்த 'ட்ரூரோ' கப்பல் அன்று டர்பன் துறையில் நின்றது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும். கரும்புத் தோட்டத்தில் கூட்டமாக வாழ்ந்ததால் அவர்களால் கோயிலெழுப்ப முடிந்தது, தேரிழுக்க முடிந்தது, 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று இங்கே பெயர் பெற்றுவிட்ட தெருக்கூத்தை விடிய விடிய ஆட முடிந்தது. உம்பிலோ ஆற்றங்கரைக் கோயிலை வெள்ளம் கொண்டுபோன பிறகும் பக்தர்கள் விடாமல் 1947-இல் கேட்டோ மேனரில் ஸ்ரீ அம்பலவாணர் ஆலயத்தைக் கட்டினார்கள் என்பதை இந்த அணி மறக்கக் கூடாது. பெரிய வெள்ளிக்கிழமையன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வெளி மாநிலங்களிலிருந்தும் திரளும் கூட்டம் இவர்களுக்கு இன்னொரு சான்று.

எண்ணிக்கையை மட்டும் நம்பிப் பேசவேண்டாம் என்று டர்பன் அணியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிரணி அங்கேதான் அடிக்கும். கூட்டம் இருந்த இடத்தில் கோயில் எழுவது இயல்பு, கூட்டமில்லாத இடத்தில் எழுந்ததுதான் பெரிது என்று அவர்கள் சொன்னால் அவையின் கைதட்டல் அந்தப் பக்கம் போய்விடும்.

டிரான்ஸ்வால் அணிக்கு ஆட்பலம் குறைவு, வரலாற்று பலம் அதிகம். 1886-இல் தங்கம் கிடைத்த பிறகு நேட்டாலிலிருந்தும் மொரீஷியசிலிருந்தும் சென்ற தமிழர்கள் காய்கறி விற்றும் துணி வெளுத்தும் பிழைத்தார்கள். ஆசியர்க்குக் குடியுரிமை இல்லை என்று 1885-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் அதற்கு முன்பே விதித்திருந்தது. மொரீஷியசில் பிறந்து ஜோகன்னஸ்பர்க்கில் வாழ்ந்த தம்பி நாயுடு, ஆசியர்கள் கைரேகை தந்து பதிந்துகொள்ள வேண்டும் என்ற பதிவுச் சட்டத்தை எதிர்த்து மீண்டும் மீண்டும் சிறை சென்றார். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா பள்ளிவாசல் முன் பதிவுச் சீட்டுகள் எரிக்கப்பட்டன. 1909-இல் சிறைக் கொடுமையால் இறந்த இளைஞர் நாகப்பன் பிராம்ஃபோன்டெய்ன் இடுகாட்டில் கிடக்கிறார். வழிபாட்டைக் கேட்டால் மெல்ரோஸ் ஸ்ரீ சிவ சுப்பிரமணியர் ஆலயத்தையும், பிரிட்டோரியாவின் மாராபாஸ்டட் மாரியம்மன் கோயிலையும் காட்டலாம். மாராபாஸ்டடில் குடியிருந்த இந்தியர்களை அரசு லௌடியத்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோன பின்பும் கோபுரம் அதே தெருவில் நின்றது, வழிபாடும் நின்றுபோகவில்லை. என் கணக்கில் அந்த அணியின் மிகவும் வலுவான சான்று இதுதான்.

1913-ஐ மட்டும் தனியாகக் கையாளுங்கள், இரு அணியும் அதற்கு உரிமை கொண்டாடும். ஒப்பந்தம் முடிந்தவர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்க 1895-இல் சட்டம் செய்தது நேட்டால். அந்த வரி டிரான்ஸ்வால் தமிழரைத் தொடவே இல்லை. ஆனாலும் 1913 அக்டோபரில், டிரான்ஸ்வாலைச் சேர்ந்த பெண்கள், பெரும்பாலும் தமிழச்சிகள், கைக்குழந்தைகளோடு எல்லை தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், வேலையை நிறுத்துங்கள் என்று தொழிலாளர்களிடம் பேசினார்கள். நவம்பர் 6 அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சார்ல்ஸ்டவுனிலிருந்து நடந்து வோல்க்ஸ்ரஸ்ட் எல்லையைக் கடந்தனர். இவ்வளவையும் டிரான்ஸ்வால் அணி சொல்லட்டும். பதிலாக, வேலைநிறுத்தம் கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியதையும், மவுன்ட் எட்ஜ்கோம்ப் பகுதியில் காவலர் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்ததையும் டர்பன் அணி எடுத்துவைக்கட்டும். இந்த வரிசையில் கேட்டால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது அவைக்கு விளங்கும்.

வள்ளியம்மையை எந்த அணிக்கும் கொடுக்காதீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, இந்தப் போராட்டத்தில் நேட்டாலின் மாரிட்ஸ்பர்க் சிறையில் உடல் உருக்குலைந்து, 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் மறைந்த அந்தப் பெண்ணை மதிப்பெண்ணுக்காக இழுப்பது தகாது. நடுவர் தம் தொடக்கவுரையிலேயே அவர் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டால், பிறகு யாரும் அந்தப் பெயரைத் தொடமாட்டார்கள்.

போட்டி எதனால் இத்தனை ஆழமாக வேரூன்றியது என்பதையும் நடுவரே சொல்வது நல்லது. 1970-களின் நடுப்பகுதி வரை ஓர் இந்தியர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்லும் 570 கிலோமீட்டர் சாலை ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தின் வழியாகப் போகிறது; அங்கே இந்தியர் குடியிருக்கவோ இரவு தங்கவோ தடை இருந்ததால், குடும்பங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பின்னிருக்கையில் தூங்கவைத்து, அந்த மாநிலத்து ஹாரிஸ்மித் ஊரில் நிற்காமல் ஓட்டினார்கள். அக்காள் இங்கே, தங்கை அங்கே என்று வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் அடிக்கடி பார்க்க முடியாமலே போனது. வழக்கங்கள் விலகியதும் ஒருவர் மற்றவரைக் குறை சொல்லத் தொடங்கியதும் அப்படித்தான். அவையில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், இந்தப் பயணத்தைப் பற்றி ஒருவரை ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். எந்தப் பேச்சாளரின் வாதமும் அதற்கு ஈடாகாது.

மொழி விஷயத்தில் கண்டிப்பும் இரக்கமும் சேர்ந்தே வேண்டும். நம் இளையவர்களில் பலருக்குத் தமிழ் காதில் விழுந்த அளவு நாவில் வராது. முழுப் பேச்சையும் தமிழில் கேட்டால் நல்ல வாதக்காரர்கள் ஒதுங்கிவிடுவார்கள். முழுவதையும் ஆங்கிலத்தில் விட்டால் பட்டிமன்றம் என்ற பெயரே பொருந்தாது. முதல் இரண்டு நிமிடமும் கடைசி ஒரு நிமிடமும் தமிழில், இடையில் எது வருகிறதோ அதில் என்று விதி வையுங்கள். தமிழ்ப் பகுதியை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால் ழகரமும் ளகரமும் பாழாகும். வீட்டில் ஆயாவோ தாத்தாவோ பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், பேச்சாளர் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றட்டும். 1996 அரசியலமைப்பு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அழைப்பிதழில் அதை ஒரு வரி அச்சிடுங்கள்.

நடுவராக வெளியூர்ப் பிரமுகரைத் தேட வேண்டாம். டர்பனில் பிறந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு மருமகளாகப் போனவர், அல்லது அங்கிருந்து டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர், இரு பக்கத்துக் குறையும் நிறையும் வாழ்ந்தே அறிந்தவர், அவரை அமர்த்துங்கள். மேடையில் எல்லோரும் அவரை அம்மா என்றே விளித்துப் பேசட்டும். தீர்ப்பை அவர் மழுப்பக் கூடாது. இரண்டும் சமம் என்று முடிப்பது, வாரக்கணக்கில் சான்று தேடிய ஆறு பேரையும் ஏமாற்றுவதாகும். எந்தச் சான்று எதை வென்றது என்று பெயர் குறித்துச் சொல்லி ஓரணிக்கு வெற்றி தரட்டும்.

நாளைப் பொறுத்தவரை டிசம்பர் 16 ஏற்றது. அன்று பொது விடுமுறை, ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்காக டர்பனில் இருக்கும். காவடி, கஞ்சிப் பூஜை நாட்களை விட்டுவிடுங்கள். கோயில் மண்டபமானால் காய்கறி பிரியாணியும் பருப்பும் போதும்.

மண்டப வாசலில் ஒரு நீண்ட மேசை போட்டு, குடும்பங்கள் கொண்டுவரும் பழைய தாள்களைப் பரப்பிவையுங்கள். முப்பாட்டனின் கப்பல் பதிவு நகல் இருந்தால் அதில் எண், தந்தை பெயர், வயது, ஊர், உடலில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கும். பிள்ளைகள் அதன்மேல் குனிந்தால் எளிதில் நகரமாட்டார்கள். நகல் இல்லாதவர்களுக்குக் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தைச் சொல்லுங்கள். மேசைக்கு இருவரை நிறுத்தி, ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படமெடுத்து, உரியவர் பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, மூலத்தை அன்றிரவே அவர் கையில் திருப்பிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு லெனேசியாவில் நடத்தும் குழுவுக்கு அந்த நோட்டின் நகலைத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.