இதயச் செயலிழப்பு நோயாளியை ஃபோனில் கவனிப்பது எப்படி? புதிய சிஸ்டர்களுக்கு

இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாமல் திணறினால் உடம்பில் நீர் சேரும். மூச்சு வாங்கி, கால் வீங்கி அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலருக்குச் சில நாள் முன்பே எடை ஏறத் தொடங்கியிருக்கும். அந்தச் சில நாளைக் கோட்டை விடாமல் இருக்கத்தான் நாம் ஃபோனை எடுக்கிறோம்.

படி 1: டிஸ்சார்ஜ் அன்றே தொடங்குங்கள்

எடை மெஷின், மேல்கையில் கட்டும் பிபி மெஷின், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஒரு நோட்டு. இவ்வளவு போதும். நீங்கள் செய்து காட்டுவதோடு விடாதீர்கள், அவர்களையே வார்டில் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். ஃபோன் யார் கையில் இருக்கும் என்றும் கேளுங்கள். கேஸ் ஷீட்டில் இருப்பது பேரனின் நம்பராக இருக்கும், பகலில் அவன் கல்லூரியில் இருப்பான். அழைப்பது நாம் என்பதால் நோயாளியின் சம்மதத்தையும் கேட்டுப் பதிந்துவிடுங்கள். நீர் வடிந்த பிறகு இருந்த எடையை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.

படி 2: அளவுகளை வாங்குங்கள்

எடை பார்ப்பது தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன். மெஷின் வெறும் தரையில் இருக்கட்டும். எனக்கு ஒருவர் தினம் ஓர் எடை சொல்லிக்கொண்டிருந்தார். வீடியோவில் பார்த்தால் மெஷின் பாய் மேல் இருந்தது! மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

பிபிக்கு ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, பேசாமல், கால் தரையில் பட. ஆக்ஸிமீட்டருக்கு நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத, சில்லிடாத விரல்.

படி 3: கதை கேளுங்கள்

மெஷினைக் கொடுத்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 2010-ல் வெளிவந்த ஆய்வில் 1,600-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். அதில் பாதிப்பேரை எடையையும் தொந்தரவுகளையும் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசியில் சொல்ல வைத்துப் பார்த்ததில் பலன் எதுவும் தெரியவில்லை. அந்தப் பாதிப்பேரில் ஏழில் ஒருவர் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. 2018-ல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வில், பெர்லின் சாரிட்டே மருத்துவமனையின் மையத்தில் டாக்டர்களும் செவிலியர்களும் இருபத்து நான்கு மணி நேரமும் கவனித்தார்கள். அங்கே இறப்பும் குறைந்தது, ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்களும் குறைந்தன.

அதனால் கேட்கிற விதம் முக்கியம். "உப்பு கம்மியா சாப்பிடறீங்களா?" என்றால் எல்லாரும் "ஆமா சிஸ்டர்" என்பார்கள். "நேத்து கஞ்சிக்கு என்ன தொட்டுக்கிட்டீங்கம்மா?" என்று கேளுங்கள், ஊறுகாயும் கருவாடும் தானாக வெளியே வரும். "மூச்சு முட்டுதா?" என்பதைவிட "ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுத்தீங்க?" மேல். ஒன்று இரண்டானால் காது கொடுங்கள்.

நீர் மாத்திரையைத் தனியாகக் கேளுங்கள். கல்யாணம், பஸ் பயணம் என்றால் அடிக்கடி ஒதுங்க வேண்டுமே என்று அதைத்தான் முதலில் விடுவார்கள். திட்டாதீர்கள், அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையையும் விசாரியுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையெல்லாம் உடம்பில் நீரைச் சேர்க்கும்.

படி 4: கேமராவைத் திருப்பச் சொல்லுங்கள்

முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காரட்டும். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா என்று பாருங்கள். பிறகு, கூட இருப்பவர் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுக்கட்டும். குழி அப்படியே நின்றால் வீக்கம்.

படி 5: டாக்டரிடம் சொல்லுங்கள்

"ஐயாவுக்கு உடம்பு சரியில்லை டாக்டர்" என்றால் எதுவும் புரியாது. "மூன்று நாளில் இரண்டரை கிலோ, இரண்டு தலையணை, நீர் மாத்திரை இரண்டு நாள் போடவில்லை" என்றால் உடனே புரியும். மருந்தின் அளவை நாமாக மாற்றக்கூடாது. ஃபோன், வீடியோ வழியாக மருத்துவம் பார்ப்பதற்கான இந்தியாவின் 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல்படியும் மருந்து எழுதுவது பதிவு பெற்ற டாக்டரின் வேலை.

நெஞ்சுவலி, சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறல், மயக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வீடியோவில் நேரம் கடத்தாமல் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். மற்றபடி டாக்டர் சொன்னதை நேரத்தோடு எழுதி வையுங்கள். மாத்திரை மாறியிருந்தால் மறுநாள் காலையில் உங்கள் முதல் ஃபோன் அந்த நோயாளிக்குத்தான்.